குளியலறையும் கழிவறையும் கழுவும் வரிசை: முதல்முறை செய்பவர்களுக்கு முழு வழிகாட்டி

புதிதாக வீடெடுத்துத் தங்கும் பிள்ளைகளிடம் குளியலறையைக் கழுவச் சொல்லிப் பாருங்கள். பெரும்பாலும் ஒரே மாதிரிதான் நடக்கும். காய்ந்த தரையில் முதலில் தண்ணீரை வாரி இறைப்பார்கள். அதன் மேல் கைக்குக் கிடைத்த பாட்டிலை ஊற்றுவார்கள். மூக்கைப் பிடித்துக்கொண்டு வெளியே வந்து கதவைச் சாத்துவார்கள். கொஞ்ச நேரம் கழித்து நாலு வாளித் தண்ணீர். பினாயில் மணம் வந்துவிட்டால் வேலை முடிந்தது என்று கணக்கு. இரண்டே நாளில் தரை மறுபடி வழுக்கும், நாற்றமும் திரும்பி வரும்.

கழிப்பிடம் கொல்லைக் கோடியில் இருந்த காலத்துப் பழக்கம் இது. அப்போது எட்ட நின்று ஊற்றினார்கள், இல்லையென்றால் சாதியின் பேரால் இன்னொருவரைக் கழுவ வைத்தார்கள். இப்போது அது படுக்கையறைக்குள்ளேயே வந்துவிட்டது. கழுவும் முறை மட்டும் இன்னும் கொல்லையில்தான் நிற்கிறது. கீழே உள்ள வரிசை, கிட்டே போய்க் கையால் அழுக்கை எடுப்பதற்கானது.

1. தொடங்கும் முன்

வீட்டில் எல்லோரும் குளித்து முடித்த பிறகு, நீங்கள் குளிப்பதற்கு முன் ஆரம்பியுங்கள். முதல் தடவை ஒரு மணி நேரமாவது பிடிக்கும். நடுவில் ஒருவர் அவசரமென்று உள்ளே போனால், ஊறிக்கொண்டிருக்கும் கழுவும் மருந்து அவர் காலில்தான் படும்.

மேல்தொட்டியில் தண்ணீர் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். இல்லையென்றால் மோட்டார் போட்டு நிரப்பிவிட்டு வாருங்கள். கழிவறைக் கோப்பையில் அமிலமும் தரையில் சோப்பும் கிடக்கும்போது குழாய் வறண்டால் அப்படியே விட்டுவிட்டு நிற்க வேண்டியதுதான். ஒரு வாளியில் தனியாகத் தண்ணீர் பிடித்து வைப்பதும் நல்லது. கண்ணில், கையில் ஏதாவது தெறித்தால் உடனே கழுவ அது வேண்டும்.

கீசர் சுவிட்சை அணையுங்கள். உள்ளே வாஷிங் மெஷின் இருந்தால் அதன் பிளக்கைப் பிடுங்கிவிடுங்கள். எக்ஸாஸ்ட் ஃபேன் இருந்தால் ஓடட்டும், ஜன்னலும் கதவும் திறந்தே இருக்கட்டும்.

காலில் அடிப்பக்கம் தேயாத ரப்பர் செருப்பு வேண்டும். தேய்ந்த செருப்பு சோப்புத் தரையில் வெறுங்காலைவிட மோசமாக வழுக்கும். கையில் ரப்பர் கையுறை. அதன் விளிம்பை வெளிப்பக்கமாக மடித்துவிட்டுக்கொண்டால் கையைத் தூக்கும்போது வழியும் தண்ணீர் அந்த மடிப்பில் நின்றுவிடும், முழங்கைக்கு இறங்காது.

2. எடுத்து வைக்க வேண்டியவை

பிரஷ் இரண்டு, துணி இரண்டு. ஒரு ஜோடி கழிவறைக் கோப்பைக்கு மட்டும். மற்றது சுவர், வாஷ்பேசின், வாளிக்கு. இரண்டுக்கும் நிறம் வேறாக இருக்கட்டும். கோப்பையைத் துடைத்த துணியாலேயே வாஷ்பேசின் குழாயையும் துடைத்துவிட்டால், அந்தக் குழாயைத் திறந்துதான் எல்லோரும் கைகழுவப் போகிறார்கள்.

இவற்றோடு பழைய பல்துலக்கும் பிரஷ் ஒன்று, காய்ந்த துடைப்பம், முறம், வைப்பர், பாத்திரம் கழுவும் திரவம் அல்லது சோப்புத்தூள், டாய்லெட் கிளீனர், ப்ளீச்சிங் பவுடர், சிட்ரிக் அமிலம். சிட்ரிக் அமிலத்தை மளிகைக் கடையில் லெமன் சால்ட் என்று கேட்டால் கொடுப்பார்கள்.

பட்டியலில் பினாயில் இல்லை. மறந்துவிடவில்லை. அழுக்கு போகாத தரையில் ஊற்றினால் அது மணத்தைத்தான் கொடுக்கும். அழுக்கு போன தரைக்கு அது தேவைப்படுவது அபூர்வம்.

வாட்டர் பாட்டிலில் ஊற்றி விற்கும் லேபிள் இல்லாத ஆசிட்டை வாங்கவே வேண்டாம். அதன் வீரியம் உங்களுக்கும் தெரியாது, கடைக்காரருக்கும் தெரியாது. தண்ணீரென்று நினைத்துக் குழந்தை குடித்துவிடும் ஆபத்து வேறு. ஆசிட்டின் சில்லறை விற்பனைக்குப் பதிவேடு, அடையாள அட்டை, 18 வயது என்று உச்ச நீதிமன்றம் 2013இலேயே கட்டுப்பாடு விதித்துவிட்டது. அதெல்லாம் இல்லாமல் கையில் கொடுக்கிற கடையை நம்பி என்ன வாங்குவது?

3. எந்தக் கறைக்கு எது

எல்லோரும் தடுமாறும் இடம் இதுதான். கறை எல்லாம் ஒன்று என்று நினைத்து எல்லாவற்றுக்கும் ஆசிட் ஊற்றுவார்கள். குளியலறையில் நான்கு வகை அழுக்கு உண்டு, நான்கும் வெவ்வேறு மருந்துக்குத்தான் அசையும்.

முதலாவது சோப்புப் படலம். சுவரில் இடுப்பு உயரம் வரை, வாளியின் உட்புறம், வாஷ்பேசின் ஓரம் எல்லாம் சாம்பல் நிறத்தில் பிசுபிசுவென்று இருக்கும். போர்வெல் தண்ணீரில் உள்ள கால்சியமும் மக்னீசியமும் குளியல் சோப்போடு சேர்ந்து, தண்ணீரில் கரையாத பொருளாகிச் சுவரில் ஒட்டிக்கொள்கின்றன. உடம்பு எண்ணெயும் அதில் சேரும். இதற்குப் பாத்திரம் கழுவும் திரவமும் வெந்நீரும் தேய்ப்பும் வேண்டும்.

இரண்டாவது உப்புக்கறை. குழாய் வாயில், ஷவர் துளையில், கோப்பையில் தண்ணீர் நிற்கும் கோட்டில் வெள்ளையாகக் கெட்டிப்படும். இது பெரும்பாலும் சுண்ணாம்பு. சோப்பு எவ்வளவு போட்டாலும் அசையாது, அமிலத்தில் கரையும். குழாய்க்குச் சிட்ரிக் அமிலம், கோப்பைக்கு டாய்லெட் கிளீனர்.

மூன்றாவது துருக்கறை. தண்ணீரில் இரும்பு அதிகமுள்ள ஊர்களில் செம்பழுப்பாகக் கோடு விழும். இதன் மேல் ப்ளீச்சிங் பவுடர் போடாதீர்கள். இரும்பை அது இன்னும் துருவாக்கி, கறையை அழுத்தமாக்கிவிடும். சிட்ரிக் அமிலக் கரைசலில் துணியை நனைத்துப் போட்டு ஊற விட்டால் புதுக்கறை போகும். நாள்பட்டதற்கு ஆக்சாலிக் அமிலம் தேவைப்படும். அது நஞ்சு, கையுறை இல்லாமல் தொடக் கூடாது, குழந்தைகளுக்கு எட்டும் இடத்தில் வைக்கவும் கூடாது.

நான்காவது உயிருள்ளவை. டைல்ஸ் இடுக்கில் கறுப்பாகப் படர்வது பூஞ்சை. மக்கின் அடியிலும் ஷவர் திரையின் ஓரத்திலும் இளஞ்சிவப்பாக வழவழவென்று வருவது பெரும்பாலும் செராட்டியா போன்ற பாக்டீரியாக் கூட்டம். சோப்பு மிச்சத்தைத் தின்று ஈரத்தில் வளரும். முதலில் தேய்த்து எடுக்க வேண்டும், பிறகு ப்ளீச். தேய்க்காமல் ப்ளீச் ஊற்றினால் மேலே இருப்பது வெளுக்கும், அடியில் இருப்பது பிழைத்துக்கொள்ளும்.

இன்னொன்றையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். பளபளப்பான செராமிக் டைல்ஸும் கோப்பையும் டாய்லெட் கிளீனரைத் தாங்கும். மார்பிள், மொசைக், கடப்பாக்கல், சிமெண்ட் தரை தாங்காது. மார்பிளும் கடப்பாவும் சுண்ணாம்பு வகைக் கற்கள்தான். கறையைக் கரைக்கும் அமிலம் கல்லையும் கரைக்கும். பழைய வீடுகளில் மொசைக் தரை சொரசொரவென்று ஆகி அழுக்கைப் பிடித்து வைத்திருப்பதற்கு, ஆண்டுக்கணக்கில் அதன் மேல் கொட்டிய ஆசிட் ஒரு முக்கியக் காரணம். உங்கள் தரை எது என்று தெரியாவிட்டால், மூலையில் ஒரு சொட்டு எலுமிச்சைச் சாறு விட்டுச் சில நிமிடம் கழித்துத் துடையுங்கள். அந்த இடம் மங்கினால் அமிலம் கூடாது.

4. சேர்க்கவே கூடாதவை

டாய்லெட் கிளீனரின் லேபிளைப் படியுங்கள். பெரும்பாலானவற்றில் ஹைட்ரோகுளோரிக் அமிலம் என்று போட்டிருக்கும். அதுவும் ப்ளீச்சிங் பவுடரும் சேர்ந்தால் குளோரின் வாயு கிளம்பும். இரண்டும் சேர்ந்தால் இரட்டிப்புச் சுத்தம் என்று நினைப்பவர்கள்தான் அதிகம் மாட்டுகிறார்கள்.

குளோரின் காற்றைவிடச் சுமார் இரண்டரை மடங்கு கனமானது. அதனால் தரையோடு தங்கும். இந்தியன் டாய்லெட்டைத் தேய்க்கக் குனிந்து உட்கார்ந்திருப்பவரின் முகத்துக்கு நேரே அது நிற்கும். தொண்டை எரிச்சல், இருமல், கண்ணில் நீர் என்று ஏதாவது வந்தால் எதையும் கழுவி முடிக்க நினைக்காதீர்கள். கதவைத் திறந்தபடியே விட்டு வெளியே வந்துவிடுங்கள். மூச்சுத் திணறல் நீடித்தால் மருத்துவமனைக்குப் போய்விட வேண்டும்.

அமோனியா கலந்த கண்ணாடித் துடைப்பானும் ப்ளீச்சும் சேரக் கூடாது. சிறுநீர் காய்ந்து கிடக்கும் கோப்பையில் நேரடியாக ப்ளீச் கொட்டும்போது மூக்கைக் குத்துவதும் இதே வகைக் கோளாறுதான். முதலில் ஃப்ளஷ் செய்து தேய்த்துவிட வேண்டும்.

புதியவர்களுக்கு நான் சொல்வது: அமிலம் போடும் நாள் வேறு, ப்ளீச் போடும் நாள் வேறு. நன்றாகக் கழுவிவிட்டு அடுத்ததைப் போடலாம் என்பது கேட்கச் சரிதான். நன்றாகக் கழுவியாயிற்றா என்பதைத் தொடக்கத்தில் யாராலும் சொல்ல முடியாது.

5. காலி செய்து, காய்ந்தபடியே பெருக்குங்கள்

வாளி, மக், சோப்புப் பெட்டி, ஷாம்பு பாட்டில் எல்லாவற்றையும் வெளியே எடுங்கள். பல்துலக்கும் பிரஷ்களை முக்கியமாக. தேய்க்கும்போது தெறிப்பது எங்கே போய் விழும் என்று சொல்ல முடியாது.

அடுத்தது ஒட்டடை, பிறகு தரை. இரண்டும் தண்ணீர் படும் முன்பே முடிய வேண்டும். காய்ந்த முடியைத் துடைப்பம் ஒரே இழுப்பில் கூட்டிவிடும். நனைந்த முடி தரையோடு ஒட்டும், மிச்சம் தரைத் துளையை மூடியிருக்கும் ஜாலிக்குள் போகும், அங்கே சோப்போடு சேர்ந்து அடைக்கும். பாதி வீடுகளில் தண்ணீர் போகவில்லை என்று பிளம்பரைக் கூப்பிடுவது இந்த ஒரு படியைத் தாண்டியதால்தான்.

6. கோப்பையில் மருந்தை ஊற விடுங்கள்

தேய்ப்பதற்கு முன் ஊற விட வேண்டும். உப்புக்கறை கரைய நேரம் வேண்டும், அந்த நேரத்தில் நீங்கள் வேறு வேலையைப் பார்க்கலாம். அதனால்தான் இது சுவருக்கு முன்னால் வருகிறது.

ஃப்ளஷ் செய்யுங்கள். பிறகு கோப்பையில் நிற்கும் தண்ணீரைப் பிரஷால் உள்ளே தள்ளி மட்டத்தைக் குறையுங்கள். தண்ணீர் நிறைய நின்றால் மருந்து அதில் கலந்து நீர்த்துவிடும், கறை இருக்கும் கோட்டில் வேலை செய்யாது. விளிம்பின் உட்புறத்தில் சுற்றிலும் ஊற்றி வழிய விடுங்கள். லேபிளில் சொன்ன நேரம் ஊறட்டும். மேலே மூடி இருந்தால் மூடிவிடுங்கள்.

7. சுவர்

வாளியில் வெந்நீரும் பாத்திரம் கழுவும் திரவமும் கலந்து, கீழிருந்து மேலாகத் தடவுங்கள். அலசுவது மேலிருந்து கீழாக. மேலிருந்து தடவினால் சோப்புநீர் காய்ந்த சுவரில் கோடுகோடாக வழியும், அந்தக் கோடுகள் அழுக்கை இழுத்துக்கொண்டு போய்த் தனித் தடமாகத் தெரியும். அடிப்பகுதி முன்பே நனைந்திருந்தால் அது நடக்காது.

ஐந்து நிமிடம் விட்டு, இடுப்புக்குக் கீழே அழுத்தித் தேயுங்கள். குளிக்கும்போது சோப்பு தெறிப்பது அங்கேதான். இடுக்குகளுக்குப் பல்துலக்கும் பிரஷ். இரும்பு நார் எடுக்காதீர்கள். டைல்ஸின் பளபளப்பில் விழும் கீறல்களுக்குள் அடுத்த வாரத்து அழுக்கு போய் உட்காரும்.

8. குழாய், ஷவர், வாளி, மக்

சோப்பால் தேய்த்த பிறகுதான் அமிலம். உப்பின் மேல் சோப்புப் படலம் மூடியிருந்தால் அமிலம் உப்பைத் தொடவே முடியாது. ஆசிட் போட்டும் போகவில்லை என்று சொல்பவர்கள் பெரும்பாலும் இந்த வரிசையை மாற்றியவர்கள்.

ஒரு டம்ளர் வெந்நீரில் ஒரு மேசைக்கரண்டி சிட்ரிக் அமிலத்தைக் கரைத்து, துணியை நனைத்துக் குழாயில் சுற்றி, கால் மணி நேரம் விடுங்கள். ஷவருக்கு அதே கரைசலைப் பிளாஸ்டிக் பையில் ஊற்றி, ஷவர் முகம் முங்கும்படி ரப்பர் பேண்டால் கட்டித் தொங்க விடலாம். டாய்லெட் கிளீனரைக் குழாயில் தடவாதீர்கள். குரோமியப் பூச்சு கறுத்து உரியும், உரிந்த பிறகு ஒன்றும் செய்ய முடியாது.

வாளியைக் கவிழ்த்து அடிப்பக்கத்தைப் பாருங்கள். மக்கின் கைப்பிடி உடம்போடு சேரும் இடத்தையும் பாருங்கள். தினமும் தலையில் ஊற்றிக்கொள்ளும் தண்ணீர் இவற்றின் வழியாகத்தான் வருகிறது. ஆனாலும் வீட்டில் கடைசியாகக் கழுவப்படுவது இவைதான், பல வீடுகளில் கழுவப்படுவதே இல்லை.

9. கோப்பையைத் தேய்ப்பது

வெளிப்புறம் முதலில், உட்புறம் கடைசியில். அழுக்கு குறைந்த இடத்திலிருந்து அதிகமான இடத்துக்குப் போக வேண்டும். ஃப்ளஷ் பொத்தான், ஹெல்த் ஃபாசெட்டின் கைப்பிடி, மூடி, சீட்டின் மேல்புறம், சீட்டின் அடிப்புறம், கோப்பை தரையோடு சேரும் ஓரம், இந்த வரிசையில் சோப்புத் துணியால் துடையுங்கள். மூத்திர நாற்றம் போகவே மாட்டேன் என்கிறது என்று புலம்பும் வீடுகளில் பெரும்பாலும் அந்தக் கடைசி ஓரத்திலும் சீட்டின் ஆணி இடுக்கிலும்தான் காரணம் இருக்கும். இந்தியன் டாய்லெட்டில் கால் வைக்கும் மேடையின் வரிப்பள்ளங்கள்.

பிறகு உட்புறம். விளிம்பின் அடியில் பிரஷை மேல்நோக்கித் திருப்பி ஒரு சுற்றுத் தேயுங்கள். தண்ணீர் இறங்கும் துளைகள் அங்கே இருக்கின்றன, உப்பு அடைத்தால் ஃப்ளஷின் வேகம் குறையும். மூடியை மூடிவிட்டு ஃப்ளஷ் செய்யுங்கள். பிரஷை அடுத்த ஃப்ளஷ் தண்ணீரிலேயே அலசிவிடலாம்.

10. தரையும் ஜாலியும்

தரையைச் சோப்புத்தூளால், கதவிலிருந்து எதிரே உள்ள மூலையில் தொடங்கி வெளியே வரும் திசையில் தேயுங்கள். தேய்த்த இடத்தை மறுபடி மிதிக்க வேண்டாம், வழுக்கியும் விழ மாட்டீர்கள்.

ஜாலியைக் கழற்றுங்கள். இதுவரை தெரியாதவர்கள் முகம் சுளிக்கும் கட்டம் இது. உள்ளே முடியும் சோப்பும் சேர்ந்த கூழ் இருக்கும். கையுறையோடு அள்ளிக் குப்பையில் போடுங்கள், தண்ணீர் ஊற்றி உள்ளே தள்ளிவிடாதீர்கள். குழாயின் உட்சுவரையும் பழைய பிரஷால் சுற்றித் தேயுங்கள். சுவரில் உட்கார்ந்திருக்கும் அந்துப்பூச்சி மாதிரியான குட்டி ஈக்கள் இந்த வழவழப்பில்தான் முட்டையிடுகின்றன. பறப்பதை எத்தனை அடித்தாலும் இது இருக்கும்வரை வந்துகொண்டேயிருக்கும்.

ஜாலிக்குக் கீழே பிளம்பர்கள் நானி டிராப் என்று சொல்லும் கிண்ணம் இருக்கிறது. அதில் எப்போதும் கொஞ்சம் தண்ணீர் தங்கி, சாக்கடைக் காற்று மேலே வராமல் தடுக்கும். சுத்தம் செய்கிறேன் என்று அந்தத் தண்ணீரை அள்ளி எடுத்துவிட்டால் உடனே நாறும். கடைசியில் ஒரு மக் நல்ல தண்ணீர் ஊற்றி நிரப்பிவிடுங்கள்.

கோப்பையோ செப்டிக் டேங்கோ அடைத்துக்கொண்டால் உறிஞ்சும் லாரியைக் கூப்பிடுங்கள். யாரையும் உள்ளே இறக்கக் கூடாது. உரிய பாதுகாப்பு இல்லாமல் ஒருவரைச் செப்டிக் டேங்க்கைச் சுத்தம் செய்ய வைப்பதை 2013ஆம் ஆண்டுச் சட்டம் குற்றமாக்கியிருக்கிறது. உள்ளே தேங்கும் வாயு நொடியில் ஆளைச் சாய்க்கும்.

11. கிருமிநீக்கம், தேவைப்பட்டால்

வீட்டில் வயிற்றுப்போக்கு, வாந்தி, மஞ்சள் காமாலை என்று யாருக்காவது இருந்தால் இந்தப் படி அவசியம். டைல்ஸ் இடுக்கில் பூஞ்சை இருந்தாலும் செய்யலாம். எதற்காகச் செய்தாலும் அமிலம் போட்ட நாளில் கூடாது, வேறொரு நாளில்தான். மற்றபடி ஒவ்வொரு வாரமும் வேண்டியதில்லை. செப்டிக் டேங்க் உள்ள வீடுகளில் ப்ளீச்சை வாரியிறைத்தால், கழிவை மக்கச் செய்யும் பாக்டீரியாவும் சேர்ந்து சாகும்.

பிளாஸ்டிக் வாளியில் ஒரு லிட்டர் குளிர்ந்த தண்ணீருக்கு ஒரு தேக்கரண்டி ப்ளீச்சிங் பவுடர். வெந்நீர் வேண்டாம், சூட்டில் குளோரின் வீணாகும். கரைத்துச் சில நிமிடம் தெளிய விட்டு, மேல்நீரை மட்டும் எடுங்கள். அடியில் தங்குவது சுண்ணாம்பு, தரையில் வெள்ளைப் படிவாகிவிடும். புதுத் தூளில் 33 விழுக்காடு வரை குளோரின் இருக்கும். பொட்டலம் பிரிந்து ஈரத்தில் கிடந்தால் வேகமாகக் குறையும். மூக்கைத் துளைக்கும் வாடையே இல்லாத பழைய தூள் சுண்ணாம்பு மாதிரிதான்.

ஏற்கெனவே தேய்த்து அலசிய தரையில் ஊற்றிப் பத்து நிமிடம் விடுங்கள், பிறகு கழுவுங்கள். ஊற்றிய கையோடு கழுவினால் கிருமி சாவதற்கு நேரம் கிடைக்காது.

12. காய விடுவது

வைப்பரால் சுவரையும் பிறகு தரையையும் வழித்துவிடுங்கள். குழாய்களைக் காய்ந்த துணியால் துடையுங்கள். தேங்கிய சொட்டு காயும்போது விட்டுச் செல்லும் வெள்ளைப் புள்ளிதான் அடுத்த மாதத்து உப்புக்கறை. கதவைத் திறந்து வைத்து, ஃபேனை இன்னும் அரை மணி நேரம் ஓட விடுங்கள். பூஞ்சைக்கும் இளஞ்சிவப்பு வழவழப்புக்கும் ஈரம்தான் சோறு. காய்ந்த தரையில் வளர்வது கடினம்.

பிரஷ், துணி, கையுறை மூன்றையும் சோப்பு போட்டு அலசி வெயிலில் போடுங்கள். ஈரப் பிரஷை டப்பாவுக்குள் அப்படியே செருகி வைக்கும் பழக்கம் எல்லா வீட்டிலும் இருக்கிறது. அந்த டப்பாவின் அடியை ஒருமுறை பார்த்தவர்கள் மறுபடி செய்ய மாட்டார்கள்.

13. எப்போது எது

தினமும் கடைசியாகக் குளிப்பவர் தரையை வைப்பரால் வழித்துவிட்டு வர வேண்டும். ஒரு நிமிட வேலை, ஆனால் வாரக் கழுவலில் பாதிப் பாரம் குறையும். வாரம் ஒருமுறை சோப்பு போட்டு மேலே சொன்ன முழு வரிசை, அமிலமும் ப்ளீச்சும் தவிர. உப்புத் தண்ணீர் வரும் வீடுகளில் மாதம் ஒருமுறை அமிலம். நல்ல தண்ணீர் வந்தால் இரண்டு மூன்று மாதத்துக்கு ஒருமுறை போதும்.

யார் செய்வது என்பதையும் எழுதி ஒட்டிவிடுங்கள். இல்லையென்றால் அம்மாவோ மனைவியோதான் எப்போதும் செய்துகொண்டிருப்பார். உபயோகிக்கிற எல்லோருக்கும் முறை வரட்டும், பள்ளிக்கூடம் போகும் பிள்ளைகளுக்கு வைப்பர் வேலையாவது. கூலி கொடுத்து ஆள் வைத்தால் கையுறை, செருப்பு, லேபிள் உள்ள மருந்து இவற்றை வாங்கித் தருவது உங்கள் பொறுப்பு. நீங்கள் தொட அஞ்சும் ஆசிட்டை அந்த அக்கா வெறுங்கையால் கையாளட்டும் என்று விடாதீர்கள்.

ஊருக்குப் போகிறீர்கள், வீடு சில வாரம் பூட்டிக் கிடக்கும் என்றால், கிளம்பும் முன் ஜாலியிலும் கோப்பையிலும் ஒரு மக் தண்ணீர் ஊற்றி, அதன் மேல் இரண்டு கரண்டி சமையல் எண்ணெய் விடுங்கள். எண்ணெய் மிதந்து மூடிக்கொள்வதால் கீழே உள்ள தண்ணீர் சீக்கிரம் ஆவியாகாது. திரும்பி வந்து கதவைத் திறக்கும்போது சாக்கடை வாடை அடிக்காது. வந்ததும் கொஞ்சம் சோப்புநீர் ஊற்றி அந்த எண்ணெயைக் கழுவிவிடுங்கள்.